மொழிபெயராத் தேயத்தில் அடைக்கலம்

தமிழ் வழக்கு நின்று வேற்றுமொழி வழங்கத் தொடங்கும் நிலத்தைச் சங்கப் புலவர் 'மொழிபெயர் தேயம்' என்றனர். குறுந்தொகையில் மாமூலனார் காட்டும் தலைவி ஒருத்தி, தன் தலைவன் வடுகர் முனைக்கும் கட்டியின் நாட்டுக்கும் அப்பாலுள்ள அத்தகைய தேயத்தில் இருப்பினும், அங்கேயே புறப்பட்டுப் போய்விடுவது என்று நெஞ்சோடு துணிகிறாள். பெண்டு பிள்ளைகளோடு பெங்களூர் வந்து குடியேறிய நம்மவர்க்கெல்லாம் அவளை முன்னோடி என்று சொன்னால் தவறாகாது. 1809-ஆம் ஆண்டு இந்நகரில் ஆங்கிலேயர் படைவீடு அமைத்தது தொட்டு, சிப்பாயாகவும் சமையற்காரராகவும் கொத்தராகவும் எழுத்தராகவும் வந்தவர்களின் வழிவந்தோர் நாம். அல்சூரிலும் சிவாஜி நகரிலும் தலைமுறை பல கண்டும், நாம் மொழிபெயர் தேயத்தார் என்பதில் நமக்கு ஐயம் எழுந்ததில்லை.

ஆனால் மொழி பெயராத ஒரு தேயத்திலே, தன் மொழியையே பேசி, தன் தெய்வத்தையே வணங்கும் மக்களிடையே, ஒருவன் அயலானாய் நிற்க நேர்ந்தால் அந்நிலைக்கு என்ன பெயர்? பழம்புலவர் அதற்குச் சொல் ஆக்கித் தரவில்லை. இளங்கோவடிகள் மட்டும் அதற்கு ஒரு காண்டமே ஆக்கித் தந்திருக்கிறார் என்பது நம் கருத்து.

மதுரைக் காண்டத்தை ஊழின் வலியாகவும், அரசியல் பிழைத்தோர்க்கு அறம் கூற்றாவதன் சான்றாகவும் படித்துப் பழகியிருக்கிறோம். பதிகமே அவ்வாறு வழிகாட்டுதலின் அதனைக் குறை கூறுவதற்கில்லை. எனினும் ஊர் விட்டு ஊர் வந்தோர் கண்கொண்டு அக்காண்டத்தைப் படிப்பார்க்கு வேறு சில செய்திகள் முன்வந்து நிற்கும்.

முதலில் புகார் எத்தகைய ஊர் என்பதை அடிகள் சொல்லிவைக்கிறார். இந்திரவிழவு ஊரெடுத்த காதையில், கடல்வழி வந்த வேற்றுநாட்டார் தம்முள் கலந்து இனிது வாழும் கரைப்பகுதி ஒன்றைக் காட்டுகிறார். பட்டினப்பாலை பாடிய உருத்திரங்கண்ணனாரும் பல மொழி பேசுவோர் அவ்வூரில் இனிது உறைந்தமையைப் பாடியிருக்கிறார். இன்று திறனாய்வாளர் 'புலம்பெயர் இலக்கியம்' என்று எடுத்தாளும் 'புலம்பெயர்' என்னும் சொல் இவ்விரு நூலிலும் இந்த இடத்தில்தான் வருகிறது. அயலாரை இனிது வைத்திருந்த நகரத்தின் மகனே, மற்றொரு தமிழ் நகரத்தில் அயலானாய் வெட்டுண்டு வீழ்கிறான். அடிகள் இதனை எங்கும் வாய்விட்டுச் சொல்லவில்லை. இரண்டு நகரங்களையும் அடுத்தடுத்து வைத்துவிட்டு அமைகிறார்.

கோவலனை இக்காலப் பொருளில் அகதி என்றல் பொருந்துமா என்று சிலர் வினவக்கூடும். அவனை யாரும் ஊரைவிட்டு ஓட்டவில்லை. பொருள் இழந்த நாணம் ஓட்டியது. உண்மையே. ஆயினும் சிலம்பு ஒன்றே முதலாக, இரவோடு இரவாக, பெற்றோரிடமும் சொல்லாமல் மனைவியை அழைத்துக்கொண்டு நடந்தவன் அவன். கையில் எஞ்சிய ஒரு நகையை நம்பி, தன் மொழி வழங்கும் ஊரை நோக்கிப் புறப்பட்டவர் எத்தனை பேர் என்பதை 1983 ஜூலைக்குப் பின் இராமேசுவரத்துக் கரை கண்டிருக்கிறது.

வையையைக் கடந்து மதிலருகே வரும்போது, அசையும் கொடிகள் 'வாராதீர்' என்று கைகாட்டுவன போல் இருந்தனவாம். தற்குறிப்பேற்றத்துக்கு எடுத்துக்காட்டாக இவ்விடத்தை மாணவர் நெட்டுருச் செய்வது வழக்கம். அணியைக் காட்டிலும் அங்கே கவனிக்க வேண்டியது, அக்கொடி யாருக்கு அவ்வாறு தோன்றியது என்பது. கோவலனுக்குத் தோன்றவில்லை. மறுநாள் ஊர் காணச் சென்றவன், பொன்கடைத் தெருவையும் மணிக்கடைத் தெருவையும் கண்டு மகிழ்ந்து திரும்பி, பாண்டியன் நகரின் சிறப்பைக் கவுந்தியடிகளிடம் எடுத்துரைக்கிறான். அவனுக்கு எல்லாம் தெரிந்த பொருளாகவே இருக்கிறது. அதே கூலம், அதே துகில், அதே மணி, அதே தமிழ். பழகிய ஊர்போல் தோன்றும் ஊரில் எச்சரிக்கை உணர்வு முதலில் மழுங்கிவிடுகிறது. மொழி தெரியாத நாட்டில் நுழைபவன் நான்கு பேரை விசாரித்து அடி எடுத்து வைப்பான். கோவலனோ சிலம்பை விற்கப் போகும்போது யாரையும் விசாரிக்கவில்லை. எதிர்ப்பட்ட பொற்கொல்லனிடமே அதனைக் காட்டுகிறான்.

ஊருக்குள் போகுமுன் அவன் சொன்னது வேறு. நகரத்து வணிகரைக் கண்டு தன் நிலையை உணர்த்தி வருவதாகச் சொல்லிப் போகிறான். உணர்த்தினானா என்பதைக் காப்பியம் சொல்லவில்லை. கவுந்தியும் அந்நம்பிக்கை உடையவரே. இவள் மாமனார் பெயரைக் கேட்டால் இந்நகரத்து வணிகர் அரும்பொருள் பெற்றார்போல் எதிர்கொண்டு இல்லத்தில் வைப்பர். அதுவரை இவளை உன்னிடம் அடைக்கலம் தந்தேன் என்றே மாதரியிடம் கூறுகிறார். 'அதுவரை' என்பது அங்கே உட்பொருள். இனத்தார் ஏற்பர் என்பது எதிர்பார்ப்பு. கதவு திறந்தவளோ வழியில் எதிர்ப்பட்ட ஆய்ச்சி. இனத்தார் கடைசிவரை வரவே இல்லை. அடைக்கலக் காதை என்று ஒரு காதைக்கே பெயரிட்ட அடிகள், அடைக்கலம் தந்தவளின் தொழில், குலம், வீடு, அவள் தந்த காய்கறி, புதுக்கலம் அனைத்தையும் பொறுமையாக வரைகிறார். வணிகர் வீட்டுக்கு ஒரு வரிகூட ஒதுக்கவில்லை. உரையாசிரியரும் பிற்காலத் திறனாய்வாளரும் இவ்வேறுபாட்டைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதது நமக்கு வியப்பாகவே இருக்கிறது.

கொலைக்களத்தில் நடப்பது இன்னும் கூர்மையானது. இவன் கள்வனாகத் தோன்றவில்லையே என்று காவலர் தயங்குகின்றனர். பொற்கொல்லன் களவு நூல் பேசி அவர்களை மயக்குகிறான். கல்லாக் காவலன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். இவ்வளவு நேரமும் கோவலனை நோக்கி, நீ எந்த ஊர், யார் மகன் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவனுக்காகச் சொல்ல அந்நகரில் ஒருவர் இல்லை. அந்த வினா பின்பு அரண்மனையில், பாண்டியன் வாயிலிருந்து, கண்ணகியை நோக்கி வருகிறது. அவள் விடையில் முதலில் நிற்பது புகாரின் நீதி. புறாவுக்குத் தசை அரிந்தவனையும் கன்றுக்கு மகனைத் தேர்க்காலில் இட்டவனையும் சொல்லி, அவ்வூரே என் ஊர் என்கிறாள். கணவன் பெயரும் தன் பெயரும் அதற்குப் பின்னரே வருகின்றன. இழந்த ஊரை இவ்வளவு முழுமையாக உரிமை கொண்டாடும் குரல் தமிழில் அதற்கு முன் இல்லை என்றே சொல்லலாம்.

இனி இக்காலத்துக்கு வருவோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தார் சென்னைக்கு வந்தபோது அங்கே அவர்களை அயலார் என்று யாரும் கருதவில்லை. ஆறுமுக நாவலர் சென்னையில் அச்சுக்கூடம் வைத்து நடத்தினார். சி. வை. தாமோதரம் பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரியருள் ஒருவராய் 1857-இல் தேறி, பின்பு தொல்காப்பியத்துக்கும் கலித்தொகைக்கும் அச்சு வாழ்வு தந்தார். அவர்கள் ஏடு கொண்டு வந்தனர். சென்னை எழுந்து நின்று ஏற்றது. நூறாண்டு கழித்து அதே கடலைக் கடந்து படகில் வந்தவர்களிடம் ஏடில்லை. கடல் ஒன்று, மொழி ஒன்று, சமயமும் பெரும்பாலும் ஒன்று. வரவேற்பில் மட்டும் வேற்றுமை.

1983, 1990, 1996, 2006 என அலை அலையாய் வந்தவர்களைத் தமிழக மக்கள் ஏற்கவில்லை என்றால் அது நன்றி கொன்ற பேச்சாகும். கடையடைப்பும் ஊர்வலமும் உண்டியலும் எவ்வளவு பெரிய அளவில் நடந்தன என்பதை நாம் கண்டிருக்கிறோம். ஆயினும் 1991 மே மாதத்துக்குப் பின் அந்தப் பரிவின் மேல் ஐயம் படர்ந்தது. 'நம்மவர்' என்ற சொல் நாவில் நிற்க, கண் வேறு பார்வை பார்த்தது. மாதரியும் பொற்கொல்லனும் ஒரே ஊரில் வாழ்ந்தவர்கள் என்பதை அடிகள் முன்பே எழுதிவைத்திருக்கிறார்.

இவ்வாழ்வை உள்ளிருந்து எழுதிய நூலாக நாம் கருதுவது தொ. பத்திநாதனின் 'போரின் மறுபக்கம்'. 1990-இல் சிறுவனாய் வந்து தமிழக முகாம்களில் வளர்ந்தவரின் தன்வரலாறு அது. 2007-இல் காலச்சுவடு வெளியிட்டது. ஈழப் போரைப் பற்றி எழுந்த கவிதையும் கதையும் மிகப் பல. அவற்றுள் பெரும்பாலானவை களத்தையோ, கனடாவையும் ஐரோப்பாவையுமோ காட்டுவன. இடையில், கூப்பிடு தூரத்தில், தமிழ்நாட்டுச் சிற்றூர்களின் ஓரத்தில் இருந்த முகாம்களை அவை பெரிதும் தாண்டிச் சென்றன. பனி படர்ந்த ஊரில் தமிழன் படும் தனிமை இலக்கியப் பொருளாயிற்று. தமிழ்நாட்டில் தமிழன் படும் தனிமையை எழுதுவதற்கு ஏதோ ஒரு கூச்சம் தடையாக இருந்தது போலும். பத்திநாதன் அக்கூச்சத்தை உடைத்தார். அலங்காரம் குறைந்த நடை அவருடையது. சில இடங்களில் செய்தி அறிக்கை போல வறண்டும் போகிறது. செப்பம் செய்திருக்கலாம் என்று சொல்வோர் உளர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. எண்ணிக்கைக்கு வரிசையில் நிற்பதும், வெளியே போக இசைவு வாங்குவதும் அன்றாடமான ஒரு வாழ்வுக்கு உவமை தேடியிருந்தால் நூல் பொய்த்திருக்கும்.

மறுபுறம் தமிழகத்தார் ஈழத்தவரைப் படைத்த வகையைப் பாருங்கள். திரைப்படம் இலக்கியமாகுமா என்ற வாதம் ஒருபுறமிருக்க, மக்கள் மனத்தை அறிய அதைவிட நல்ல கண்ணாடி இல்லை. 2000-இல் வந்த 'தெனாலி'யில் ஈழத் தமிழ் நகைச்சுவைக்கு உதவிற்று. போர் கண்டு அஞ்சியவனின் அச்சமே அங்கே கதையின் சிரிப்பு. நடித்தவர் அப்பேச்சைப் பிழையறப் பயின்றிருந்தார் என்பதில் ஐயமில்லை. இகழும் நோக்கமும் அங்கில்லை. ஆனால் அரங்கம் எதைக் கேட்டுச் சிரித்தது? 'ஓம்' என்பதையும் 'கதைக்கிறது' என்பதையும் கேட்டே. அடுத்த ஆண்டு வந்த 'நந்தா'வில் அகதிப் பெண் இரங்கத்தக்கவள், அழகானவள், கதை அவளுடையதன்று. சிரிக்கவோ இரங்கவோ மட்டும் இடந்தரும் படைப்பில் ஒரு மனிதன் குடியிருக்க இயலாது.

இந்தப் பேச்சு வேற்றுமையைச் சிறிதென்று தள்ளிவிடலாகாது. நம் கட்டுரையின் உயிர்நிலை அதுதான். 'அழகு' என்னும் இடத்தில் 'வடிவு', 'புரிகிறது' என்னும் இடத்தில் 'விளங்குது', 'ஆமாம்' என்னும் இடத்தில் 'ஓம்'. எல்லாம் தமிழ், சில நம் வழக்கைக் காட்டிலும் பழந்தமிழ். மண்டபத்தில் இறங்கிய ஒரு சிறுவன் பள்ளியில் வாய் திறந்ததும் 'சிலோன்காரன்' ஆகிவிடுகிறான். அவன் கற்க வேண்டிய புதுமொழி எதுவும் இல்லை. இருப்பதை மறைக்க மட்டும் வேண்டும்.

நம் நகரத்தை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இங்கே வந்த தமிழர்க்கு ஒரு வாயில் இருந்தது; அதற்குக் கன்னடம் என்று பெயர். தமிழ் பேசும் வீட்டில் பிறந்த மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் கன்னடச் சிறுகதைக்குத் தந்தை எனப் போற்றப்பட்டு, 1983-ஆம் ஆண்டின் ஞானபீடப் பரிசைக் கன்னடத்துக்குப் பெற்றுத் தந்தார். தமிழ்க் குடும்பத்தில் வந்த தி. பி. கைலாசம் நகரத்துப் பேச்சுக் கன்னடத்தை மேடையேற்றி நாடகத்துக்குப் புத்துயிர் கொடுத்தார். எழுத்தறியாத உழைப்பாளிக்கும் இவ்வாயில் அடைபட்டதன்று. ஆண்டுதோறும் சித்திரைப் பௌர்ணமியில் பெங்களூரின் பழம்பேட்டையைச் சுற்றிவரும் திரௌபதி கரகத்தைத் தலையில் தாங்கும் உரிமை திகளர்க்கு உரியது. தமிழ்நிலத்திலிருந்து வந்தோர் என்று அறியப்படும் தோட்டக்காரச் சமுதாயம் அது. அவர்கள் கரகம் இன்றி இந்நகரத்துக்குத் திருவிழா இல்லை. மொழியைக் கற்பது கண்ணுக்குத் தெரியும் செயல். கற்றவனை ஊர் அறிகிறது. கற்றதற்காகப் பாராட்டவும் செய்கிறது. மொழி பெயராத தேயத்தில் அத்தகைய செயல் ஒன்றும் இல்லாததால், ஊரார்க்கு அவன் முயற்சி தெரிவதே இல்லை.

இதனால் நம் நிலை எளிது என்று சொல்ல வரவில்லை. அதே 1991-ஆம் ஆண்டின் டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை அரசிதழில் வெளியானதை அடுத்து, இந்நகரத்துத் தமிழர் தெருக்களில் நடந்தவற்றை இம்மலரைப் படிக்கும் பெரியோர் மறந்திருக்க மாட்டார்கள். பல்லாயிரவர் ஓசூருக்கும் தருமபுரிக்கும் சேலத்துக்கும் போயினர். நம்முட் சிலர்க்கு 'அகதி' என்ற சொல் அப்போதுதான் சொந்தச் சொல்லாயிற்று. போன இடம் தாய்நாடு. தங்கிய வீடு உறவினர் வீடு. சோறும் பாயும் குறையவில்லை. ஆயினும் பத்து நாளில் நம் பிள்ளைகள் 'பெங்களூர்ப் பிள்ளைகள்' ஆயினர்; அவர்கள் பேச்சில் இயல்பாய்க் கலந்திருந்த கன்னடச் சொற்களைக் கேட்டு அங்குள்ள பிள்ளைகள் சிரித்தனர். எப்போது ஊருக்குப் போகலாம் என்று நம் பிள்ளைகள் கேட்டபோது, அவர்கள் ஊர் என்றது பெங்களூரை. அடித்து விரட்டிய ஊரை ஊர் என்றும், அணைத்துக்கொண்ட ஊரை அயல் என்றும் உணர்ந்த அந்தப் பத்து நாளைப் பற்றி நம்மிடையே ஒரு நல்ல கதை இன்னும் எழுதப்படவில்லை என்பது நம் நெடுநாள் குறை. எழுதத் தக்கவர்கள் நம்மில் இல்லாமற் போகவில்லை. அல்சூர் ஏரிக்கரையில் மூடிவைத்திருந்த வள்ளுவர் சிலை 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்டபோது கவியரங்கப் பாடல்கள் பல எழுந்தன; பதினெட்டு ஆண்டு அச்சிலை மூடிக்கிடந்ததைப் பற்றி ஒரு சிறுகதைகூட நம் கண்ணில் படவில்லை.

நாம் திரும்பி வந்தோம். திரும்ப ஓர் ஊரும், காட்ட ஒரு குடும்ப அட்டையும் இருந்தன. முகாமில் இருப்போர்க்கு அவை இல்லை. 2021-இல் தமிழக அரசு தந்த கணக்குப்படி முகாம்களில் மட்டும் 58,000-க்கு மேற்பட்டோர் இருந்தனர். அவ்வாண்டு ஆகஸ்டில் 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என மாற்றினர். நல்ல சொல். இருந்தாலும் 1987 ஜூலை 1-க்குப் பின் இந்நாட்டில் பிறந்தவர்க்குப் பெற்றோருள் ஒருவரேனும் இந்தியக் குடிமகராய் இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை. 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டமோ இலங்கையைக் கணக்கில் சேர்க்கவில்லை. மதுரையை ஒட்டி ஆனையூரிலும், திருமங்கலத்தை அடுத்த உச்சப்பட்டியிலும் முகாம்கள் உள்ளன. அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளையை நோக்கி, பாண்டியன் கேட்ட அதே வினாவை ஓர் அலுவலர் கேட்டால், அப்பிள்ளை எந்த ஊரைச் சொல்லும்? கண்ணகிக்குச் சொல்ல ஒரு புகார் இருந்தது. இப்பிள்ளை மன்னாரையும் பார்த்ததில்லை, வவுனியாவையும் பார்த்ததில்லை.

மண்டபத்தைப் பற்றி ஒரு சொல். வெள்ளையர் காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாய்ப் போனவர்களை நிறுத்திச் சோதித்து அனுப்பிய இடம் அதே மண்டபம் முகாம். 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்றது. தாத்தா போன வாயில் வழியே பேரன் வந்தான். அவ்வாறு திரும்பியவர்களில் ஒரு பகுதியினரை நம் கருநாடகத்தின் தெற்குக் கன்னட மாவட்டத்தில், சுள்ளியா, புத்தூர்ப் பகுதி ரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தினர். மலைநாட்டில் கொழுந்து கிள்ளிய கைகள் இங்கே பால் எடுக்கின்றன. பிள்ளைகள் கன்னடப் பள்ளியில் படித்து வளர்ந்தனர். பெங்களூர்த் தமிழர் இலக்கியம் என்று நாம் தொகுக்கும் தொகுதிகளில் இவர்கள் இடம் பெறுவதில்லை. 'தாயகம் திரும்பியோர்' என்று ஏட்டில் எழுதிய அலுவலர், எந்தத் தாயகம், எந்த மொழி என்று கருதி எழுதினாரோ அறியோம்.

சிலம்பின் இறுதியிலும் அகதிகள் சிலர் நடக்கின்றனர். கண்ணகியின் செவிலியும் அடித்தோழியும் தேவந்தியும் புகாரிலிருந்து மதுரைக்கு வருகின்றனர். அதற்குள் மாதரி இல்லை. காக்கத் தந்த அடைக்கலத்தை இழந்தேன் என்று ஆயர்முன் கதறி நள்ளிரவில் தீப்புகுந்தாள் என்று மாடலன் வாயிலாக அறிகிறோம். அவளை ஒருவரும் குற்றம் சாட்டவில்லை. பாண்டியன் பிழைக்கு அவள் தன் உயிரைக் கொடுத்தாள். வந்த மூவரும் மாதரியின் மகள் ஐயையைத் தேடிக் கண்டு, தம்மோடு அழைத்துக்கொண்டு, வையைக் கரைவழியே மலையேறிச் சேரநாடு சேர்கின்றனர். புகார்ப் பெண்கள் மூவரோடு மதுரை ஆயர்மகள் ஒருத்தியும் சேர்ந்து அக்கோட்டத்தின் முன் நிற்கிறாள். தேவந்தி அவளைச் சுட்டிக் கண்ணகிக்கு அறிமுகம் செய்கிறாள்.

அந்நால்வருள் ஐயை மட்டும் தன் ஊரை யாரும் கேளாமலே விட்டு வந்தவள். வஞ்சிக் காண்டத்துக்கு உரை எழுதியோர் அவளை இரண்டொரு வரியில் கடந்துவிட்டனர்.